100 பிளஸ் போத்தலில் களைமருந்து: பிள்ளை குடித்துவிட்டால் என்ன செய்வது?

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் செம்பனைக் காடுகளில் கண்ட்ராக்டில் மருந்து அடிப்பவர். மிச்சமாகும் களைமருந்தை 100 பிளஸ் குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து, வீட்டைச் சுற்றியுள்ள புல்லுக்கு அடிப்பதற்காகக் குளியலறைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போன வாரம் இரண்டரை வயது மகள் அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நல்லவேளை, மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. "குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை, அப்புறம் இளநீர் கொடு என்கிறார் மாமியார். அது சரியா டாக்டர்? வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். அதனாலும் ஏதாவது வருமா?"

மூடி திறக்கவில்லை, பிள்ளையும் எப்போதும்போல் சாப்பிட்டு விளையாடுகிறாள் என்பதால் இப்போது இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் போத்தலை இன்றே அந்த இடத்திலிருந்து எடுத்துப் பூட்டிவையுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, விஷம் தெரியாது. 100 பிளஸ் போத்தல் தெரியும். அதற்குள் இருப்பது இனிக்கும் என்று நாம்தான் அவளுக்குப் பழக்கியிருக்கிறோம். சில களைமருந்துகள் நீலப்பச்சை நிறத்தில், பார்க்க ஐஸ்கிரீம் சோடா மாதிரியே இருக்கும். போத்தலின் மேல் மார்க்கர் பேனாவால் 'விஷம்' என்று எழுதி வைப்பதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. இருட்டில் தாகத்தோடு கையை நீட்டும் பெரியவருக்கும் இல்லை.

மாமியார் சொன்னது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அதைச் செய்யவே கூடாது. சில மருந்துகள் தொண்டையைப் புண்ணாக்கும் தன்மை உள்ளவை. வாந்தியாக மேலே வரும்போது அதே இடத்தை இரண்டாவது முறை புண்ணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி ஆபத்து. உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். சிறு பிள்ளையின் இரத்தத்தில் உப்பு திடீரென்று ஏறினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். இளநீருக்கும் பாலுக்கும் விஷத்தை முறிக்கும் சக்தி கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? வாயில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மருந்து பட்ட உடையைக் கழற்றி, தோலைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பிள்ளை மயக்கமாக இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 999க்கு அழையுங்கள், அக்கம்பக்கத்தில் கார் இருந்து அது சீக்கிரம் போகும் என்றால் அதில் நேராக தெலுக் இந்தான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளையை மோட்டாரில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பூசாட் ராச்சுன் நெகாரா எனப்படும் தேசிய விஷ மையம் இருக்கிறது. அதன் எண் 1-800-88-8099. குடித்தாளா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் கேட்கலாம். குடித்தது உறுதி என்றால் முதலில் மருத்துவமனைதான்.

போகும்போது மருந்தின் சொந்த டின்னையோ அதன் லேபிளைப் படம் பிடித்த கைப்பேசியையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஏனென்றால் எல்லாக் களைமருந்தும் ஒன்றல்ல. 100 பிளஸ் போத்தலை மட்டும் கொண்டுவந்து நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

"நல்லாத்தானே இருக்கா, காலையில பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் எனக்கு அதிகப் பயம் தருவது. குளுஃபோசினேட் வகை மருந்தைக் குடித்தவர் பல மணி நேரம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் திடீரென்று வலிப்பு வந்து மூச்சு நின்றுபோவது உண்டு. சில நேரம் அது மறுநாள்கூட நடக்கும். பாராகுவாட் என்ற களைமருந்து இன்னும் கொடியது. ஒரு வாய் குடித்தாலே பெரிய ஆள் இறந்துபோகலாம். முதலில் வாயும் நாக்கும் புண்ணாகும். பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நுரையீரல் இறுகிக்கொண்டே போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. குடல் உறிஞ்சுவதற்குள் மருத்துவமனையில் செய்யும் முதலுதவியைத்தான் நம்ப வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை. ஆனாலும் பழைய ஸ்டோரிலோ கொட்டகை மூலையிலோ அந்தக் காலத்து டின் ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பூச்சிமருந்தில் அறிகுறி வேறு மாதிரி. ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் பிள்ளைக்கு எச்சில் ஒழுகும், உடல் வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், மூச்சு இரையும். இதற்கு அட்ரோபின் என்ற ஊசி இருக்கிறது, ஆனால் அது மருத்துவமனையில்தான் கிடைக்கும். குடித்த பிள்ளைக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டாம், அது உங்களையும் பாதிக்கும்.

அடுத்து, காலைக் கட்டிக்கொள்வது. வேலை உடையில் மருந்து ஒட்டியிருக்கும். பிள்ளையின் முகம் சரியாக அப்பாவின் கால்சட்டை உயரத்தில் இருக்கிறது. பிடித்த கையை அடுத்த நிமிடம் வாயில் வைப்பாள். ஒரு தடவை கட்டிக்கொண்டதால் மயங்கி விழமாட்டாள். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைத் தடுக்கத்தான் வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். கர்ப்ப காலத்தில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துச் சுவடு உடலில் கூடுதலாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், 7 வயதில் அறிவுத்திறன் சோதனையில் சற்றுக் குறைவான மதிப்பெண் பெற்றார்கள். 2011இல் வெளியான முடிவு இது. பூச்சிமருந்து பற்றிய ஆய்வுதான். களைமருந்துக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேலை உடையை அவர் கையால் துவைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது போதும்.

வழக்கம் இப்படி இருக்கட்டும்: பூட்ஸ் வாசலுக்கு வெளியே. உடை கழற்றிய உடனே தனி வாளியில். குளித்து வேறு உடுப்பு போட்ட பிறகே பிள்ளையைத் தூக்குவது. வேலை உடையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் இதைச் சண்டையாகப் பேச வேண்டாம். காசு போட்டு வாங்கிய மருந்தைக் கொட்ட மனம் வராமல்தான் அவர் கொண்டுவருகிறார். அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்கினால் மிச்சம் என்ற பிரச்சினையே குறைந்துவிடும். கலக்கியதை நாள்கணக்கில் வைத்தால் வீரியமும் குறையலாம். மருந்தைப் பூட்டிவைக்கும் ஸ்டோர், கை கால் கழுவத் தண்ணீர், கையுறை இதெல்லாம் முதலாளி செய்துதர வேண்டியவை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தப் பொறுப்பை அவர் மீதுதான் வைத்திருக்கிறது. கண்ட்ராக்டரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. வீட்டுப் புல்லுக்குப் புல் மெஷின் போதும்.

இப்போது வீட்டில் இருக்கும் அந்தப் போத்தலைக் கால்வாயிலோ கழிவறையிலோ ஊற்றாதீர்கள். வேறு போத்தலுக்கும் மாற்ற வேண்டாம். மூடியை இறுக்கி, ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, நாளைக் காலை வேலைக்குப் போகும்போது அவரே ஸ்டோரில் ஒப்படைக்கட்டும். அதுவரை பூட்டிய இடத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டி வீட்டிலும் இதேபோல் ஏதாவது போத்தல் இருக்கிறதா என்று கேளுங்கள்; மண்ணெண்ணெய், துணி வெளுக்கும் குளோராக்ஸ் எல்லாமும் இதில் சேர்த்திதான்.