கூட்டமே நடக்காமல் தீர்மானமா?

கேள்வி: எங்கள் ஊர் பாப்பாக்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமம். மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகவும் இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கும் வகுப்பறைக்குப் பெயின்ட் அடிக்கவும் பிள்ளைக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "கமிட்டில முடிவாயிட்டுல்லா, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிய" என்கிறார்கள். மகளைக் கூப்பிடப் போன அன்று கேட்டில் நிற்க வைத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். இனி என்ன செய்ய? எதிர்த்துப் பேசினால் பிள்ளைமேல் காட்டுவார்களோ?

பதில்: முதலில் பணத்தை முடித்துவிடுவோம். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டாய வசூல் கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. குழுவில் அத்தனை பேரும் கை தூக்கியிருந்தாலும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு. அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. பள்ளிக்கென்று ஆண்டு மானியமும் உண்டு. நூறு பிள்ளைகளுக்கு மேல், 250 வரை படிக்கிற பள்ளி என்றால் விதிப்படி 50,000 ரூபாய். டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த இழுபறியில் 2024-25-இல் ஒன்றிய அரசின் பங்கு நின்றுபோனது உண்மைதான். அதற்காகப் பீடிக் கூலியில் கை வைப்பதா?

இனி அந்த நோட்டு. உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் முதலில் தேதி, அப்புறம் வந்தவர்கள் பெயர், பேசிய பொருள், முடிவு. இதையெல்லாம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நடப்பதோ தலைகீழ். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, மேலே விட்ட இடத்தில் பிறகு எழுதிக்கொள்கிறார்கள். இப்படி எழுதிய பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். கீழே வரவர எழுத்து பொடிப்பொடியாகி, கடைசி வரி கையெழுத்தின் தலையில் இடிக்கும். அல்லது நாலு வரிக்கு இடம் சும்மா கிடக்கும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உறுப்பினர் கேட்டால் காட்டத்தான் வேண்டும். "அன்று கூட்டம் நடக்கவில்லை, என் கையெழுத்து கேட்டில் வாங்கப்பட்டது" என்று உங்கள் கைப்படவே எழுதித் தேதி போடுங்கள். இனிமேல் கையெழுத்துப் போடும்போது கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள்.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்ததே உங்களைக் கேட்டு முடிவெடுக்கத்தான். ஆனால் பல ஊர்களில் அந்தப் பள்ளியில் தன் பிள்ளையே படிக்காத ஒரு அண்ணாச்சி நடு நாற்காலியில் இருப்பார். பெயின்ட் கான்ட்ராக்ட் அவர் மச்சானுக்கு, விழாப் பந்தல் அவருக்குத் தெரிந்தவருக்கு. "நான் ஹெச்.எம்.மிடம் பேசி உங்களுக்கு 200 ஆக்கித் தாரேன்" என்று உங்களிடமே வருவார். நம்பாதீர்கள், ரசீது இல்லாமல் அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் அக்காவோ தங்கையோ பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளையைப் படிக்க வைத்தால், இதை அப்படியே அங்கே போய்ப் பேசச் சொல்லாதீர்கள். நம் மாவட்டத்தில் மிஷன் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் அதிகம். 2012-இல் வந்த திருத்தப்படி உதவிபெறும் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் சொன்னதை நிர்வாகம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். உங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அங்கே குழு வெறும் ஆலோசனைக் குழு இல்லை, மானியச் செலவைக் கண்காணிப்பதும் அதன் வேலை.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் போய்க் கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். மனு அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று இறங்கி, கடைசியில் யார்மேல் புகாரோ அந்தத் தலைமையாசிரியர் மேசைக்கே வரும். "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதிலும் வரும். அதைவிட, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கும் மானியச் செலவுக் கணக்குக்கும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதி வசூல் நின்றுவிடும். அதற்கும் மசியாவிட்டால் அடுத்த கிராம சபையில் பேசுங்கள்.

பிள்ளைமேல் காட்டுவார்களோ என்ற பயம் நியாயமானது. பணம் கட்டாததற்காக எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவதையும் சட்டம் தடுக்கிறது. இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். கூடப் பீடி சுற்றுகிற தாய்மார் மூன்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள். வசூல் அவருக்கே பிடிக்காமல் இருக்கலாம். எழுதிக் கொடுப்பதை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.