செல் நிறைய வளர்ந்தும் பாலிசாக்கரைடு ஏன் குறைகிறது?

குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கரில் பூஞ்சை நன்றாக வளர்கிறது, உலர் எடையும் ஏறுகிறது, ஆனால் செல்லை நீக்கிய வடிநீரில் எத்தனால் ஊற்றினால் பாலிசாக்கரைடு (சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி) கொஞ்சம்தான் திரள்கிறது, வெப்பநிலையை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பநிலை அப்புறம். முதலில் மீடியாவில், அதாவது பூஞ்சை வளரும் ஊட்டக் கரைசலில், எவ்வளவு நைட்ரஜன் போடுகிறீர்கள் என்று பாருங்கள்.

நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்வரை பூஞ்சை சர்க்கரையை எடுத்துத் தன் உடம்பைத்தான் வளர்த்துக்கொள்ளும். நைட்ரஜன் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சி நிற்கும்போதுதான் அதைப் பாலிசாக்கரைடாகக் கோத்து வெளியே தள்ளத் தொடங்கும். புல்லுலான் என்ற பாலிசாக்கரைடைத் தரும் ஆரியோபசிடியம் புல்லுலான்ஸ் பூஞ்சையில் இது நன்றாகவே தெரியும். செழிப்பாக வளரட்டுமே என்று நைட்ரஜன் நிறைந்த ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை அள்ளிப் போட்டால் செல்தான் கிடைக்கும்.

அம்மோனியம் சல்பேட் போடுகிறீர்கள் என்றால் பிஹெச்சையும் கவனியுங்கள். பூஞ்சை அம்மோனியத்தை எடுக்க எடுக்க அமிலம் கூடும், 6.5-இல் தொடங்கிய குடுவை நீங்கள் பார்க்காத நேரத்தில் 3-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த அளவு அமிலத்திலும் இந்தப் பூஞ்சை வளரும், புல்லுலான்தான் குறையும்.

காற்று விஷயத்தில் எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே விதி கிடையாது. புல்லுலானுக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும், அதனால் 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். வேறு பூஞ்சைகள் தரும் பாலிசாக்கரைடுகளான ஸ்கிளீரோகுளூக்கான், சைசோஃபில்லான் இரண்டிலும் கதை வேறு, ஆக்சிஜன் சற்றுத் தட்டுப்பட்டால் வளர்ச்சி குறைந்து பாலிசாக்கரைடு கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எப்போது அறுவடை செய்கிறீர்கள்? சர்க்கரை தீர்ந்த பிறகும் விட்டுவைத்தால் சைசோஃபில்லான் தரும் சைசோஃபில்லம் பூஞ்சை, அதை வெட்டும் குளூக்கனேஸ் நொதியை விட்டுத் தான் செய்ததைத் தானே தின்ன ஆரம்பிக்கும். தினமும் கொஞ்சம் எடுத்துச் சர்க்கரையை அளந்துவிட்டு, பிப்பெட்டிலிருந்து சொட்டவிட்டுப் பாருங்கள்: நேற்று நூலாக இழுத்தது இன்று தண்ணீராகச் சொட்டினால் நாள் கடந்துவிட்டது.

உங்கள் உலர் எடை மீதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கல்ச்சர் கொழகொழவென்று இருக்கும்போது அப்படியே சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் கருவி) போட்டால் செல் சரியாக அடியில் படியாது, படிவதோடு பாலிசாக்கரைடும் ஒட்டிக்கொண்டு வந்து செல் கணக்கில் சேர்ந்துவிடும். வெந்நீர் விட்டு நீர்க்கச் செய்து சுற்றுங்கள், படிவை ஒருமுறை கழுவி அந்த நீரையும் வடிநீரோடு சேருங்கள், பிறகு வடிநீரைப் போல் இரண்டு பங்கு குளிர்ந்த எத்தனால் ஊற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் வெப்பநிலைக்கு வாருங்கள். 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்திருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன்.