வீட்டுக் கணக்கும் இங்கிலீஷ் வகுப்பும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், நர்சிங் முடித்து வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போகிறவர்கள், பேங்க் பரீட்சைப் பையன்கள், பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டு வரும் இரண்டு மூன்று அக்காமார் என்று கலந்த கூட்டம்.

நான் வைத்து நடத்துவது ஒரு வெளிநாட்டுப் புத்தகம். அதில் போன மாதம் பணமும் செலவுப் பழக்கமும் என்ற பாடம் வந்தது. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். நீ சேமிக்கிற ஆளா, செலவழிக்கிற ஆளா? கடைசியாக எதில் காசை வீணாக்கினாய்? யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறாயா? சினிமா, சாப்பாடு என்றால் கூச்சலில் கூரை பிய்ந்துபோகும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நர்சிங் முடித்த ஒரு பெண் மறுநாளிலிருந்து வருவதை நிறுத்திவிட்டாள். அவள் அம்மா போனில், "இங்கிலீஷ் படிக்கத்தான அனுப்புனோம், வீட்டுக் கணக்கையெல்லாம் கேக்கியளாமே" என்றார்கள்.

இங்கே வேறொரு மையம் நடத்தும் சார், "இலக்கணத்தை நடத்துங்க, காசு பேச்சு எதுக்கு" என்கிறார். எனக்கோ பணத்தைப் பற்றிப் பேசத் தெரியாமல் வெளிநாடு போய் இவர்கள் என்ன செய்வார்கள் என்று இருக்கிறது. (பீஸ் பாக்கி வைத்தவர்கள் பெயரை வாட்ஸாப் குரூப்பில் போட்டால்தான் வசூலாகிறது, அப்படிப்பட்ட ஊர் இது.) பாடத்தை எடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? யாராவது தெரிந்தவரை அழைத்து முதலீடு பற்றிப் பேசச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை. என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

பாடத்தை எடுக்க வேண்டாம். கேள்விகளை எடுத்துவிடுங்கள்.

இங்கிலீஷ் பாடப்புத்தகம் போடும் கம்பெனிகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. உலகம் முழுக்க விற்க வேண்டிய புத்தகமாயிற்றே, எங்கேயும் யார் மனமும் கோணக்கூடாது. பாலிடிக்ஸ், ஆல்கஹால், ரிலிஜன், செக்ஸ், நார்காட்டிக்ஸ், இஸம்கள், போர்க், இவற்றின் முதல் எழுத்துகளைக் கோத்து அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'பார்ஸ்னிப்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கின் பெயர். அந்தப் பட்டியலில் பணம் இல்லை. செலவுப் பழக்கம் என்பது வானிலை, விடுமுறை மாதிரி யாருக்கும் உறுத்தாத விஷயம் என்று நினைத்துத்தான் அந்தப் பாடத்தை வைத்திருப்பார்கள்.

அவர்களுக்கு உறுத்தாது என்பதும் ஒரு வகையில் சரிதான். அங்கே சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு. எதை வாங்கினாய், எதில் ஏமாந்தாய் என்பது சிரித்துப் பேசுகிற பேச்சு. நம் பக்கம் தலைகீழ். திருநெல்வேலி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாபநாசம் போய்ச் சேருவதற்குள் "சம்பளம் எம்புட்டு வருது?" என்று கேட்டுவிடுவார், நாமும் சொல்லிவிடுவோம், சில சமயம் கூட்டியே சொல்வோம். ஆனால் நகை எந்த அடகுக் கடையில் இருக்கிறது, கழுத்தில் கிடப்பது தங்கமா கவரிங்கா, வட்டி எத்தனை மாதம் நிற்கிறது என்பது கூடப்பிறந்தவளுக்கும் தெரியாது. நாம் எதையெல்லாம் மறைப்போமோ அதையெல்லாம் தேடிப் பிடித்தது போல உங்கள் புத்தகம் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. சேமிக்கிற ஆளா, செலவழிக்கிற ஆளா என்ற கேள்விக்கு முதலில் கையில் தன் காசு என்று ஒன்று வேண்டும். உங்கள் வகுப்பில் யாருக்கு அது இருக்கிறது? அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022 செப்டம்பரிலிருந்து. வருவது அவள் கணக்கில்தான். பல வீடுகளில் அது காஸ் சிலிண்டராகவோ தம்பி பீஸாகவோ போய்ச் சேர்கிறது. அம்மாவின் உரிமைத்தொகை 1,000 குழுத் தவணைக்குப் போகும். பீடிக் கூலி மளிகைக் கடைப் பற்றில் கழியும். இதில் அவளுடைய 'பழக்கம்' எங்கே இருக்கிறது? கடைசியாக எதில் காசை வீணாக்கினாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

கடன் வாங்கியிருக்கிறாயா என்ற கேள்வியை வேறெந்த ஊரில் கேட்டாலும் இந்த மாவட்டத்தில் கேட்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில் நம் ஆட்சியர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள் தீயில் கருகினார்கள். கந்துவட்டிதான் காரணம், மனு மேல் மனு கொடுத்தும் நடக்கவில்லை என்பது செய்தி. உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். வீட்டில் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டிருப்பார்கள். வராமல் நின்றுபோன பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

அப்படியானால் உங்கள் நண்பர் சார் சொல்வதுபோல இலக்கணத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றால், அதற்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசு பேச்சு படிப்புக்கு இழுக்கு என்பது சமீபத்தில் வந்த பாவனை. தூத்துக்குடி நெல்லை மாவட்டத்தில் இருந்த காலம், 1906-ல் வ.உ.சி. ஒரு பங்கு 25 ரூபாய் என்று 10 லட்சம் ரூபாய் மூலதனத்துக்குக் கப்பல் கம்பெனி பதிவு செய்தார். குறளுக்கு உரை எழுதிய அதே மனிதர்தான் ஊர் ஊராகப் போய்ப் பங்கும் சேர்த்தார். அவருக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பணத்தை இங்கிலீஷ் வகுப்பில் பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. நம்மிடமிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு போகும் காகிதங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருக்கின்றன. நகைக்கடன் ரசீதின் பின்பக்கம், இன்சூரன்ஸ் பாலிசி, போனில் வரும் லோன் ஆப்பின் நிபந்தனைகள், கிரெடிட் கார்டு பில், வெளிநாட்டு வேலைக்கான ஏஜென்சி ஒப்பந்தம். நம் ஆட்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறார்கள், எதையும் வாசிப்பதில்லை. பேங்கில் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டுத் தருகிறார்கள், நாமும் குறி போட்ட இடத்தில் போட்டுக்கொண்டே போகிறோம். உங்கள் வகுப்புக்கு வர வேண்டியது இந்தக் காகிதங்கள். பிள்ளைகளின் பை அவர்கள் மடியிலேயே இருக்கட்டும்.

ஆகவே முதலில் கரும்பலகையில் ஒரு வீட்டை உண்டாக்குங்கள். ஊர் பெயர் வேண்டாம். அப்பா சவூதியில், அம்மா பீடி சுற்றுகிறாள், மூத்தவள் நர்சிங் கடைசி வருஷம், இளையவனுக்கு பைக் வேண்டும், கூடவே மருந்து மாத்திரை சாப்பிடும் ஒரு ஆச்சி. மாதம் 25,000 ரூபாய் என்று வையுங்கள். வாடகை, பால், சீட்டு, வரப்போகும் ஒரு சடங்கு வீட்டுக்குச் செய்முறை, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு வகுப்பு அந்த வீட்டை நடத்தட்டும். 'ஷி ஷுட்', 'தே கான்ட் அஃபோர்ட்', 'இஃப் ஹி பைஸ் தி பைக்' என்று நீங்கள் சொல்லித்தர நினைத்த இலக்கணம் முழுக்க இதற்குள் வந்துவிடும்; உங்கள் நண்பருக்கும் மனம் ஆறும். பீடி சுற்றும் அக்கா ஒருத்தி நிச்சயம் 'ஷி ஷுட் நாட் டெல் ஹர் ஹஸ்பண்ட்' என்பாள். வகுப்பு சிரிக்கும். அது யார் வீட்டுக் கதை என்று யாரும் கேட்கப் போவதில்லை. தன் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அந்த வீட்டு ஆச்சியின் வாயாலோ தம்பியின் வாயாலோ சொல்லிவிடுவார்கள். மறைக்க நினைப்பவர்கள் மறைத்துக்கொள்ளலாம்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அங்கேயும் பணம், சேமிப்பு, வாங்கிய பொருள் பற்றிக் கேட்கலாம். பேச்சுத் தேர்வில் மதிப்பெண் போடுவது சரளத்துக்கு, சொல்வளத்துக்கு, இலக்கணத்துக்கு, உச்சரிப்புக்கு. சொன்னது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. வாங்காத பீரோவை வாங்கியதாகச் சொல்லலாம். இது தெரியாமலேயே எத்தனையோ பிள்ளைகள் தேர்வு அறையில் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா கூடாதா என்று திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது காகிதம். ஒரு கணக்கிலிருந்து தொடங்குங்கள். 50,000 ரூபாய்க் கடன், 12 சதவீதம், 'ஃப்ளாட் ரேட்', ஒரு வருஷத் தவணை. வட்டி 6,000, மொத்தம் 56,000, மாதம் 4,667. நம் ஊர்க் கணக்கில் மாதம் ஒரு வட்டி, மலிவுதானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதத் தவணையிலேயே அசலும் குறையத் தொடங்குகிறது, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 50,000-க்கும் ஓடுகிறது. நிலுவை அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். கையில் கொடுக்கும்போதே ப்ராசஸிங் ஃபீ என்று ஆயிரமோ இரண்டாயிரமோ பிடித்திருந்தால் அதற்கும் மேலே. பேங்க் பரீட்சைப் பையன்கள் இதைப் போட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்கும் வகுப்பில் ஒரு கெத்து வேண்டுமல்லவா.

இதில் உங்களுக்கு உதவும் ஒரு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்ற சுருக்கப் படிவத்தை பேங்குகளும் நிதி நிறுவனங்களும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் பின்னால் பிடிக்கக்கூடாது. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. ஆகவே உங்கள் வகுப்பில் முதலில் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டிய இங்கிலீஷ் வாக்கியம், 'குட் ஐ ஹாவ் இட் இன் தமிழ், ப்ளீஸ்?' இங்கிலீஷ் டீச்சர் இதையா சொல்லித்தருவது என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கவுண்டரில் நின்று இதைக் கேட்கத் துணிந்தவளுக்கு மற்ற வாக்கியங்களும் வந்துவிடும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் 'ஃப்ரீ லுக்' என்று ஒரு பத்தி வரும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். சொந்தக்காரர் டார்கெட்டுக்காகத் தலையில் கட்டிய பாலிசிகள் நிறைந்த ஊரில் இந்த ஒரு பத்தியை வாசிக்கத் தெரிந்தால் எவ்வளவோ மிச்சம். கிரெடிட் கார்டு பில்லில் 'மினிமம் அமௌண்ட் ட்யூ' என்ற வரியை மட்டும் பார்த்துக் கட்டிவிட்டு, மீதிக்கு வட்டி ஓடுவது தெரியாமல் நிம்மதியாக இருக்கும் பையன்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களைப் பெயர் சொல்லாமல் அந்த வரியைப் பலகையில் எழுதி நடத்துங்கள்.

முதலீடு பற்றிப் பேச ஆளை அழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இலவசமாக வந்து பேச ஒத்துக்கொள்பவர் பெரும்பாலும் எதையாவது விற்கிறவராக இருப்பார். பேசி முடித்ததும் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு எல்லார் போன் நம்பரையும் வாங்கிக்கொள்வார். நீங்கள் டீச்சர் என்கிற மரியாதையில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதில் யாருக்காவது பணம் போனால் பேச்சு உங்கள் மேல்தான் வரும். எதில் போடலாம் என்று பிள்ளைகள் உங்களையே கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம் எழுதியிருந்தீர்கள், பீஸ் பாக்கிக்காரர் பெயரை குரூப்பில் போடுவது. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். பெயரைப் போட்டு மானத்தை வாங்கி வசூலிப்பது தண்டல்காரர்கள் முறை. வராமல் போன பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் எப்போதாவது வந்திருக்கிறதா என்று பழைய மெசேஜ்களைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு அவள் அம்மாவைக் கூப்பிடுங்கள். போனில் அந்தப் பாடத்தைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் தேர்வுத் தேதி என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள். விட்டுப்போன பாடத்தை நேரம் ஒதுக்கிச் சொல்லித்தருகிறேன் என்று சொல்லுங்கள், பீஸ் பேச்சை எடுக்காமல்.

மேலே சொன்ன கரும்பலகை வீட்டின் வரவுசெலவை ஒரு பக்கத்துக்கு எழுதி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். பால் விலையும் வாடகையும் நான் பாளையங்கோட்டை நிலவரத்தில் போட்டிருக்கிறேன், அம்பைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நகைக்கடன் ரசீது கேட்டால் யாரும் தர மாட்டார்கள். மீட்டு முடித்த பழைய ரசீதாகப் பார்த்து வாங்கி, பெயரையும் நம்பரையும் மை வைத்து அழித்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள்.