ஸ்கோலியோசிஸ் வலிக்கு கைரோபிராக்டிக்கா, பிசியோதெரபியா?

ஸ்கோலியோசிஸால் முதுகெலும்பில் 28 டிகிரி பக்கவாட்டு வளைவு, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, சாயங்காலமானால் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது, யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பள்ளி நாட்களிலிருந்து கிட்டத்தட்ட இதே அளவு வளைவு இருக்கிறது, இரண்டு சிகிச்சையும் எடுத்திருக்கிறேன். என் பதில் பிசியோதெரபி. ஆனால் எந்த மாதிரி பிசியோதெரபி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கையால் முதுகெலும்பை அழுத்தி நெட்டி எடுக்கும் கைரோபிராக்டிக்கில் சுகமே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். குப்புறப் படுக்கவைத்து மூச்சை விடச் சொல்வார்கள், மூச்சு முழுதாக வெளியேறும் நேரத்தில் சட்டென்று ஓர் அழுத்து, நெட்டி முறிவது போல் சத்தம் வரும், எழுந்தால் முதுகு லேசாக இருக்கும். விலகிய எலும்பு ஒன்று இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழிதான் காரணம். எனக்கு அந்த சுகம் ஓரிரு நாள் தாங்கும், அப்புறம் அதே இடத்தில் பிடிக்கும். ஏனென்றால் ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை, திருகிக்கொள்ளவும் செய்கிறது. வளரும் வயதில் அப்படியே வளர்ந்து வந்தால் எலும்புகளும் நடுவில் இருக்கும் தட்டுகளும் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் குறுகியும் போய்விடும், அதை வெளியிலிருந்து தள்ளி நேராக்க முடியாது.

ஆகவே வளைவையே நேராக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். முன், பின் என்று இரண்டு எக்ஸ்ரே காட்டுவார்கள், 28 இருந்தது 24 ஆகிவிட்டது என்பார்கள். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே காப் கோணத்தில் (வளைவை அளக்கும் கோணம்) 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம், நிற்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் மாறும்.

சரி, பிசியோதெரபி. ஒத்தடம் கொடுத்து, கரன்ட் மெஷின் வைத்து, கால் மணி நேரத்தில் அனுப்பிவிடும் இடமென்றால் அதுவும் மேற்சொன்ன கதைதான், நீங்கள் சும்மா படுத்திருக்கிறீர்கள், யாரோ எதையோ செய்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஸ்கோலியோசிஸுக்கென்றே இருக்கும் பயிற்சிகளை. இதில் பழைய முறை ஷ்ராத், 1920களில் ஜெர்மனியில் கத்தரீனா ஷ்ராத் என்ற பெண்மணி தொடங்கியது, அவருக்கே ஸ்கோலியோசிஸ் இருந்தது. பக்கவாட்டில் படுத்து, புடைத்த பக்கத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு, இடுங்கியிருக்கும் பக்கத்து விலா எலும்புகளுக்குள் மூச்சை இழுக்கப் பழக்குவார்கள். முதலில் அந்தப் பக்கம் அசையவே அசையாது. பயிற்சியாளர் அங்கே விரலை வைத்துக்கொண்டு, இங்கே வா, இங்கே வா என்பார், பல வாரம் போன பிறகு ஒருநாள் அந்த விரல் மெல்ல மேலே எழும்பும்போது இவ்வளவு காலம் வேலையே செய்யாத ஒரு தசை நமக்குள் இருந்திருக்கிறது என்று புரியும். வளர்ந்தவர்களுக்கு இதனால் முதுகு நேராகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், எனக்கும் கோணம் குறையவில்லை. ஆனால் அதிக நேரம் உட்கார முடிகிறது, வலி வந்தாலும் வீட்டிலேயே தணிக்கத் தெரிகிறது. (வளைவின் அளவுக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது, 28 என்ற எண்ணைப் பார்த்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வளர்ச்சி முடிந்த பிறகு 30-க்குள் இருப்பவை பெரும்பாலும் மேலே ஏறுவதில்லை.)

இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்காக இதைப் படிக்கிறவர்கள் இரண்டிலும் காலம் கடத்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வளைவு 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் தாங்கி) பற்றிப் பேச வேண்டிய நேரம் அது, சரியாக அணிந்தால் வளைவு கூடாமல் தடுக்க அது உதவும்.

உங்களுக்கும் ஒன்று. எலும்பு பலமிழக்கும் ஆஸ்டியோபோரோசிஸோ முதுகில் கம்பி வைத்த அறுவை சிகிச்சையோ இருந்தால் நெட்டி முறிக்கும் வேலையே வேண்டாம். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் முதலில் டாக்டர். சிறுநீர் கட்டுப்பாடு போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. கழுத்தைத் திருப்பி முறிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அரிதாக என்றாலும் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

உங்கள் வளைவு மார்புப் பகுதியிலா, இடுப்புப் பகுதியிலா, எந்தப் பக்கம் என்று எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இருக்கும். முதல் நாளே அதைக் கையில் எடுத்துப் போங்கள், அதைப் பார்க்காமல், உங்களை முன்னால் குனியச் சொல்லி முதுகைப் பார்க்காமல் பயிற்சியை ஆரம்பிக்கிறவரிடம் திரும்பப் போகாதீர்கள்.