பி.டி. பயிரும் காட்டுத் தேனீக்களும்: கேள்வி பதில்

பி.டி. புரதம் காய்ப்புழுவைக் கொல்கிறது. தேனீயை மட்டும் எப்படி விட்டுவிடும் மேடம்? (வேளாண் கல்லூரி மாணவி)

பி.டி. என்பது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கம்; பூச்சியைக் கொல்லும் அதன் மரபணுவைச் சேர்த்த பயிர்தான் பி.டி. பயிர். குடலில்தான் வித்தியாசம். பி.டி. பருத்தியில் இருக்கும் கிரை1ஏசி என்ற புரதம், புழுவின் குடலில் உள்ள கடும் காரத்தில் கரைய வேண்டும். அப்புறம் நொதிகள் அதை வெட்ட வேண்டும். பிறகு குடல் சுவரில் அதற்குப் பொருந்தும் ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போட வேண்டும். தேனீயின் குடலில் அந்தக் காரமும் இல்லை, ஏற்பியும் பொருந்துவதில்லை. 25 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2008-ல் வெளிவந்த கட்டுரையில், பி.டி. புரதத்தால் தேனீக்களோ அவற்றின் புழுக்களோ கூடுதலாகச் சாகவில்லை என்றுதான் முடிவு.

அந்த ஆய்வெல்லாம் பெட்டித் தேனீயை வைத்துத்தானே? காட்டுத் தேனீக்கும் அது பொருந்துமா? (பறவை, பூச்சி பார்ப்பவர்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பெட்டித் தேனீயின் புழுவுக்கு வேலைக்காரத் தேனீக்கள் சுரந்து ஊட்டும் பால்தான் பெரும்பங்கு உணவு. மகரந்தம் கொஞ்சமே போகிறது. தனித்து வாழும் தேனீ அப்படி இல்லை. தாய் மகரந்தத்தைத் தேனில் குழைத்து உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை அடைத்துவிட்டுப் போய்விடுகிறது. பிறக்கும் புழு அந்த உருண்டை முழுவதையும் தின்றுதான் வளர்கிறது. மகரந்தத்தில் எது இருந்தாலும் நேரே அதன் வயிற்றுக்குத்தான் போகும். அதனால் ஒன்றுக்குக் கிடைத்த முடிவை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டுவது எனக்கு ஒப்பாது. கனடாவில் பம்பிள் தேனீக்களுக்கு கிரை1ஏசி கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், கெடுதல் தெரியவில்லை. ஆனால் அதுவும் கூட்டமாக வாழும் தேனீதான். புரதம் நேரடியாகக் கொல்லும் என்று நான் நினைக்கவில்லை. தனித்தேனீயிலும் சோதித்துவிட்டுச் சொல்லட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் பி.டி. பருத்தி வந்ததிலிருந்து பூவில் வண்டு வரத்தே குறைந்துவிட்டது. விதைதான் காரணமா அம்மா? (பெரம்பலூர் விவசாயி)

உங்கள் வயலைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் விதைக்குள் இருக்கும் மரபணுவைவிட, விதைமேல் பூசியிருப்பதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தத்துப்பூச்சி, அசுவினிக்காக இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தைப் பூசித்தான் பெரும்பாலும் பாக்கெட் வருகிறது. அது செடி முழுக்க ஊடுருவும், மண்ணிலும் தங்கும். காட்டுத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டித்தான் குடும்பம் நடத்துகின்றன. 2021-ல் கனடாவில் வெளிவந்த ஆய்வில், இதே மருந்தை மண்ணில் இட்ட பூசணிப் பாத்தியில் மண்வாழ் தேனீக்கள் 85 சதவீதம் குறைவாகவே வளை தோண்டின. அது பருத்தி இல்லை, மருந்து இட்ட முறையும் வேறு; இருந்தாலும் யோசிக்க வைக்கிறது.

அடுத்தது தெளிப்பான். 2002-ல் பி.டி. பருத்தி வந்ததும் காய்ப்புழு மருந்து குறைந்தது உண்மை. அப்புறம் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகின, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் இப்போதைய விதையில் இருக்கும் இரண்டு பி.டி. மரபணுக்களுக்கும் பழகிவிட்டது. மருந்தும் திரும்பி வந்தது. தேனீ மட்டுமல்லாமல் மற்ற சிற்றுயிர்களையும் சேர்த்துப் பார்த்த 2007 தொகுப்பாய்வு ஒன்றில், மருந்தடித்த சாதா வயலைவிட பி.டி. வயலில் அவை அதிகம். மருந்தே அடிக்காத வயலைவிடக் குறைவு.

பி.டி. கத்தரிக்கும் இதே கதைதானா? (மாடித்தோட்டக்காரர்)

இந்தியாவில் 2010 பிப்ரவரியிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். வங்கதேச விவசாயிகள் 2014-லிருந்து பயிரிடுகிறார்கள். கத்தரிப்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் உதிரும். நீலப்பட்டைத் தேனீ பையைக் கவ்விக்கொண்டு மார்புத் தசையை அதிரவைத்துக் கறக்கும். காலையில் செடிப்பக்கம் நின்றால் அந்த ‘ங்ஙீ’ காதில் விழும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரிக்கு எந்தச் சோதனை செய்தாலும் இந்தத் தேனீயை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

மருந்தடிக்காமல் தீராது என்றால் எப்போது அடிப்பது? (பெரம்பலூர் விவசாயி)

பருத்திப்பூ காலையில் விரிந்து, சாயங்காலத்துக்குள் வாடிச் சுருண்டுவிடும். அதற்குப் பிறகு அடியுங்கள். வரப்பில் ஒரு பக்கத்தையாவது கொத்தாமல் வெறும் மண்ணாக விட்டுவையுங்கள், மண்வாழ் தேனீக்கள் வளை தோண்ட இடம் இருக்கும்.