வெளியூர்க் கல்யாணம்: எத்தனை பேர், எத்தனை ராத்திரி?

பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்களின் கல்யாண வேலைகளை எடுத்துச் செய்கிறேன். வெளியூரில் கல்யாணம் வைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஊர்ப் பெயரில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் கேட்பது வேறு. எத்தனை பேர் வருகிறார்கள்? எத்தனை ராத்திரி தங்குகிறார்கள்? இந்த இரண்டும் தெரிந்தால்தான் எந்த ஊர் கட்டுப்படியாகும் என்று சொல்ல முடியும்.

மகளுக்கு ஊட்டி ரிசார்ட்டில் கல்யாணம் செய்ய ஆசை. கையில் 12 லட்சம் இருக்கிறது. 80 பேர், இரண்டு ராத்திரி. முடியுமா? (அல்சூரிலிருந்து ஒரு அம்மா)

முடியும், ஆனால் ஒரு ராத்திரியைக் குறையுங்கள். அறைக்கு இருவர் என்றால் 40 அறை, இரண்டு ராத்திரிக்கு 80 முறை வாடகை. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அறை 7,400 என்றால் வரியோடு மொத்தம் 6,21,600 ரூபாய். அதே அறை 7,600 ஆனால் 7,17,440. அறைக்கு 200 ரூபாய் ஏறியதற்கு நீங்கள் 95,840 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்! பேரம் பேசும்போது இந்த 7,500 என்ற எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி தாராளமாகப் போதும். மாலையில் நிச்சயதார்த்தம், காலையில் முகூர்த்தம், மதியம் பந்தி முடிந்ததும் கிளம்பலாம். 7,400 கணக்கிலேயே செலவு 3,10,800-க்கு இறங்கிவிடும். ஆனால் ஹோட்டலில் 11 மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், நம் பந்தி 2 மணி வரை போகும். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நான்கைந்து அறைகளையாவது 4 மணி வரை தருவதாக எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்குவது என்றதும் என் அண்ணன் மகள் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. வெளிச் சமையல்காரரைக் கூட்டி வரலாம் என்று ஒரு ரிசார்ட்டில் வாய்மொழியாகத் தலையாட்டினார்கள். முந்தின நாள் சாமான் வண்டி வாசலில் நின்றபோது, 'ராயல்டி' (வெளி ஆளைக் கூட்டி வருவதற்கு ரிசார்ட் கேட்கும் கட்டணம்) கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். கட்டினோம், வேறு வழியில்லை. அன்று அண்ணியின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சமையல்காரர், அடுப்பு, ஜெனரேட்டர், மேளம் எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் காகிதத்தில் வரட்டும்.

ஊட்டிக்கென்று சில விஷயங்கள் உண்டு. 2024 மே முதல் நீலகிரிக்குள் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக. மைசூர் வழியாகப் போகிறவர்களுக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆபீஸ் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடுகிறேன் என்று சொல்கிற மாமாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். இலைக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அந்த மாவட்டத்தில் தடை. சமையல் கான்ட்ராக்டரிடம் டம்ளருக்குச் சொல்லி வையுங்கள்.

கோவாவில் வைக்கலாம் என்றிருக்கிறோம். ஆவணியா, தையா? (ராமமூர்த்தி நகர்)

பணம்தான் முக்கியம் என்றால் ஆவணி. வடக்கே சாதுர்மாஸ்யம் என்கிற நான்கு மாத விரத காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆனியிலோ ஆடியிலோ தொடங்கும் அந்தக் காலம் நம் ஆவணியையும் தாண்டிப் போகிறது. நமக்கு முகூர்த்த மாதம், அவர்களுக்கு இல்லை. வடக்கத்திக் கல்யாணங்களை நம்பியிருக்கும் ஹோட்டல்கள் அப்போது இறங்கி வந்து பேசும். வார நாள் முகூர்த்தம் கிடைத்தால் இன்னும் நல்லது. மழை இருக்கும், கடற்கரை மணவறைக் கனவை விட்டுவிட்டு உள்ளரங்கம் இருக்கிற இடமாகப் பாருங்கள். தையில் வானம் தெளிவாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி ஏறியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் புதுச்சேரியிலோ மகாபலிபுரத்திலோ திறந்தவெளியில் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை பந்தலைப் பிய்த்துவிடும்.

கும்பகோணத்தில் கல்யாணம். பெங்களூருவிலிருந்து 50 பேரை எப்படிக் கூட்டிப் போவது?

ரயில்தான். மைசூரிலிருந்து பெங்களூரு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் போகிற இரவு ரயில் இருக்கிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. அதனால் ஆளுக்கு ஆள் தனியாகப் போடாமல், கல்யாணப் பத்திரிகையோடு முன்பதிவு அலுவலகத்தில் குழு டிக்கெட்டுக்கு விண்ணப்பியுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. சித்தப்பா கடைசி நேரத்தில் வரவில்லை என்றால், ரயில் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்து அந்த இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். மொத்தப் பேரில் 10 சதவீதம் வரை இப்படி மாற்ற விடுவார்கள்.

பஸ் பிடிப்பதானால் வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓசூர் தாண்டும்போது தொல்லை.

இவ்வளவு செலவே வேண்டாம், கோயிலில் எளிமையாகச் செய்ய வழி உண்டா?

நிச்சயம் உண்டு. திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகாவில் புரோகிதரும் மங்கள வாத்தியமும் இலவசம். முன்பதிவு செய்ய வேண்டும், பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இரு வீட்டுப் பெற்றோரும் கூட இருக்க வேண்டும்.

தை மாதக் கல்யாணம். தேனிலவுக்கு ஒன்றரை லட்சம். மாலத்தீவு போகலாமா, அந்தமானா? (எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை)

என் ஓட்டு அந்தமானுக்கு. தை, மாசியில் கடல் அமைதியாக இருக்கும், பெங்களூருவிலிருந்து நேரடி விமானம் உண்டு, பாஸ்போர்ட் வேண்டாம், தமிழ் பேசுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். விமான நிலையம் இருக்கிற ஊரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், பழைய போர்ட் பிளேர்தான்.

மாலத்தீவில் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா போய் இறங்கும்போதே இலவசமாகக் கிடைக்கும். அந்தச் சந்தோஷத்தில் ரிசார்ட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகிற படகு அல்லது கடல் விமானத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கும், இருவருக்கும் போக வர என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் மலிவு. அங்கே மது கிடையாது, உடை விஷயத்திலும் கட்டுப்பாடு உண்டு. அதில் மனக்குறை இல்லாதவர்களுக்கு அதுவும் அருமையான இடம்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (பில்லோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்களில் யார் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறீர்களோ அவர் பான் எண்ணில் பில் போடுங்கள், பிறகு கழித்துக்கொள்ளலாம். மனைவியின் டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்கட்டும். அப்புறம், கல்யாணத்துக்கு மறுநாளே கிளம்பாதீர்கள். மறுவீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் முடிய ஒரு வாரம் விடுங்கள். உடம்பும் அதைக் கேட்கும்.

தமிழ்நாட்டில் கல்யாணம், பெங்களூருவில் குடித்தனம். பதிவு எங்கே?

தாலி கட்டுகிற ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். சாட்சிகளை மறுபடி பெங்களூருவிலிருந்து கூட்டிப் போவது வீண் செலவு. மண்டப ரசீது, பத்திரிகை, எல்லோருடைய ஆதாரையும் கையோடு எடுத்துப் போங்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள் காலை வரை நீங்கள் இருவரும் சாட்சிகளும் மட்டும் தங்கினால் போதும்.