வேலை இடத்துல மனசாட்சிக்கு ஒத்துவராத ஒன்ன செய்யச் சொன்னா நிஜத்துல என்ன பண்ணுவீங்க?

இன்டர்வியூல எத்திக்ஸ் பத்தி கேக்கறாங்க, மனப்பாடம் பண்ணின பதில சொல்லிட்டு வந்துடறோம், ஆனா நிஜமா மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் மாட்டிக்கிட்டவன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில எச்.ஆர். வேலைல இருந்தேன், பேரு வேண்டாம். எச்.ஆர்.னு சொன்னாலும் முக்கால்வாசி வேலை ஆடிட்டுக்கு பேப்பர் ரெடி பண்றதுதான். வெளிநாட்டு பையர் ஆர்டர் குடுக்கணும்னா ஆடிட் பாஸ் ஆகணும், ஆடிட்டர் வந்து வேலை நேரம், சம்பளம், பாத்ரூம், எமர்ஜென்சி கதவு எல்லாம் பாப்பாரு, லேபர்ல சிலர தனியா கூப்பிட்டு பேசுவாரு.

இங்க வேலை நடக்கற கணக்கு திருப்பூர்க்காரங்களுக்குத் தெரியும். காலைல எட்டரைக்கு வந்து சாயங்காலம் அஞ்சரைக்குப் போனா ஒரு ஷிப்ட், ராத்திரி ஒன்பதரை வரைக்கும் இருந்தா ஒன்றரை ஷிப்ட். ஷிப்ட்டுக்கு 300 ரூபான்னு வெச்சுக்கங்க, ஒன்றரைக்கு 450 வரும். அப்போ இருந்த 1948 ஃபேக்டரி சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல பாத்தா டபுள் கூலி, அப்படிப் பாத்தா அந்த நாலு மணி நேரத்துக்கே 300, மொத்தம் 600 வரணும். ஆக ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 150 ரூபா காணாம போகுது. ஷிப்மென்ட் நெருக்கினா ஞாயித்துக்கிழமையும் ஓடும். இதுல எதுவும் ஆடிட்டர் கண்ணுல படக்கூடாது, அதனால ரெண்டு ரெஜிஸ்டர், ரெண்டு சம்பளக் கணக்கு, ரெண்டையும் எழுதறவன் நான்.

அட்டென்டன்ஸ மாத்தறது சுலபம். மாட்டிவிடறது ஊசி ரெஜிஸ்டர்தான். மிஷின்ல ஊசி ஒடஞ்சா டெய்லர் எல்லாத் துண்டையும் கொண்டு வந்து குடுக்கணும், அத செலோடேப் போட்டு ரெஜிஸ்டர்ல ஒட்டி தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதினாதான் புது ஊசி. ஏன்னா நாங்க தைச்சது கைக்குழந்தை டிரஸ், ஒரு முனை உள்ள போச்சுன்னா அவ்ளோதான். வெவரமான ஆடிட்டர் அட்டென்டன்ஸையும் ஊசி ரெஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாரு. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுன்னா அன்னிக்கு ஊசி எப்படி ஒடஞ்சுது?

அதனால ஆடிட்டுக்கு மொத நாள் ராத்திரி நான் உக்காந்து ஞாயித்துக்கிழமை ஊசியெல்லாம் டேப்போட உரிச்சு புது நோட்டுல திங்கள் செவ்வாய்னு ஒட்டுவேன். ஒரு தடவ ஒரு முனை டேப்போட வராம என் விரல்லயே ஒட்டிக்கிச்சு, எந்த தேதியோடதுன்னு தெரியல, ஏதோ ஒரு பக்கத்துல ஒட்டிட்டு மூடிட்டேன். கொழந்தைங்களுக்காக வெச்ச நோட்டு அது.

அப்போ என் மனசு என்ன சொல்லும்னா, நான் யார்கிட்டயும் அஞ்சு பைசா வாங்கல, ஆர்டர் போச்சுன்னா 400 பேருக்கு வேலை போகும், நாலு பேப்பர்தானே. லேபரும் ஓ.டி. (ஓவர்டைம்) கேட்டுத்தான் வாங்குவாங்க, ஒரு வாரம் ஒன்றரை ஓடலன்னா சனிக்கிழமை சம்பளத்துல துண்டு விழும். இது முழுப் பொய்யும் இல்ல, அதனாலதான் அத்தன வருஷம் ஓட்ட முடிஞ்சுது.

அடுத்தது ட்ரெய்னிங். ஆடிட்டர் கேட்டா என்ன சொல்லணும்னு செக்கிங், பேக்கிங் ஆளுங்களுக்கு சொல்லிக் குடுக்கணும். "ஞாயித்துக்கிழமை லீவு, ஓ.டி.க்கு டபுள் சம்பளம், இஷ்டம் இருந்தா மட்டும்தான் இருப்போம்." செக்கிங்ல காங்கேயம் பக்கத்துல இருந்து கம்பெனி வண்டில வர்ற ஒரு அக்கா. ஆடிட்டர் அவங்கள கூப்பிட்டாரு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிய வந்தாங்க. டீ டைம்ல என்னைத் தேடி வந்து, "தம்பி, போன ஞாயித்துக்கெழம என்ன பண்ணீங்கன்னு கேட்டாருங்க. வீட்ல கறி எடுத்து கொழம்பு வெச்சேன், பையனுக்கு எண்ணெ வெச்சு தலைக்கு ஊத்திவிட்டேன், மத்தியானம் ஒரு தூக்கம் போட்டேன்னு சொன்னனுங்க. செரியா சொல்லிட்டனுங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் சொல்லிக் குடுத்தது "லீவு"ன்னு ஒரே வார்த்தை. மத்ததெல்லாம் அவங்களே சேத்தது. அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு வரைக்கும் அவங்க செக்கிங் டேபிள்ல நின்னாங்க, எனக்கு நல்லாத் தெரியும், அந்த அட்டென்டன்ஸ கிழிச்சவனே நான்தான். செரிங்கக்கான்னு சொல்லிட்டேன், டீய குடிக்க முடியல.

நான் பொய் எழுதறது என் பாவம், சம்பளம் வாங்கிட்டு எழுதறேன். ஆனா என்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியாத ஒருத்தர உக்கார வெச்சு, அவங்க இழந்ததையே கெடச்சதா சொல்ல வெச்சிருக்கேன். அன்னிக்குத்தான் எனக்குன்னு ஒரு கோடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது, அதுவரைக்கும் எத்திக்ஸ்னா லஞ்சம் வாங்காம இருக்கறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

கராச்சில 2012 செப்டம்பர் 11ல அலி என்டர்பிரைசஸ்னு ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. தீ வெச்சது யாருங்கறது தனி கேஸ், ஆனா வெளிய போற கதவு பூட்டியிருந்துச்சு, ஜன்னல்ல கம்பி. அதுக்கு சில வாரம் முன்னாடிதான் அந்த ஃபேக்டரிக்கு எஸ்.ஏ. 8000 சர்டிபிகேட், அதாவது லேபர ஒழுங்கா நடத்தறாங்கன்னு சொல்ற சர்டிபிகேட், கெடச்சிருந்துது. நம்ம பேப்பர நம்பித்தான் எங்கயோ ஒருத்தர் கையெழுத்து போடறாரு. ஓ.டி.ய மறைக்கப் பழகின கை கதவையும் மறைக்கும்னு எனக்கு பயம் வந்துது.

ஜி.எம்.கிட்ட (ஜெனரல் மேனேஜர்) போனேன். சினிமா மாதிரி எதுவும் பேசல, எனக்கு வீட்டு லோன் ஓடிட்டிருந்துது. இனிமே லேபருக்கு சொல்லிக் குடுக்கற வேலைய நான் பண்ண மாட்டேன் சார், ஊசி ரெஜிஸ்டரத் தொட மாட்டேன்னு மட்டும் சொன்னேன். கத்துனாரு. ரெண்டு நாள் கழிச்சு வேற வழி சொல்லுன்னாரு. நெறைய பையருங்க ஓ.டி. அதிகமா இருந்தா எப்படி சரி பண்ணுவோம்னு ஒரு கரெக்ஷன் பிளான் எழுதி வாங்கிட்டு டைம் குடுப்பாங்க, போலி ரெக்கார்டு மாட்டினாதான் கதையே முடியும், அதனால வாரம் 60 மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து உள்ளத உள்ளபடி காட்டலாம்னு சொன்னேன். பாதி ஒத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை நிறுத்தினாங்க, டபுள் கூலி வரல. முழுசா ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன், அதுக்கப்புறமும் ஒரு வருஷம் அங்கதான் இருந்தேன், அட்டென்டன்ஸ்ல கை வெச்சுட்டுதான் இருந்தேன்.

நீங்க வேலைக்குப் போகப்போற ஆளுன்னு தெரியுது, அதனால சொல்றேன். சரியா தப்பான்னு பொதுவா யோசிச்சா மனசு ஆயிரம் சமாதானம் சொல்லும், நான் சொல்லிக்கிட்ட மாதிரியே. இதோட வலி யார் தலைல போய் விழுது, அந்த ஆளால முடியாதுன்னு சொல்ல முடியுமான்னு பாருங்க. எங்க நிப்பீங்கங்கறத தனியா இருக்கறப்பவே முடிவு பண்ணி வெச்சுக்கங்க, ஜி.எம். ரூம்ல நின்னுட்டு யோசிச்சா வராது. மூணு மாச செலவுக்கு காசும் தனியா வெச்சுக்கங்க, அது இருந்தாதான் வாய் தொறக்கும்.

அந்த அக்கா ரெண்டு மாசத்துல நின்னுட்டாங்க. ஓ.டி. கொறஞ்சதுல கட்டுபடியாகல. அப்புறம் ஒரு நாள் பழைய பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், மத்த கம்பெனிக்கு கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கற சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒண்ணுல தெனமும் ஒன்றரை ஓடுதாம், ஞாயித்துக்கிழமையும் உண்டாம். "அங்க ஆடிட்டெல்லாம் வராதுங்க தம்பி, யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல"ன்னு நிம்மதியா சொன்னாங்க. பையன் எப்படிங்கக்கா இருக்கான்னு கேட்டேன். பாலிடெக்னிக் சேத்தியிருக்காங்களாம், அதுக்குத்தான் ஓடறேன்னாங்க, அதுக்குள்ள காங்கேயம் பஸ் வந்துருச்சு.